ராஸ்களின் நோட்டுப் புத்தகம்

போர்ட்கார்வி என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் அந்தக் காலத்தில் ஃப்ளெட் என்ற குடும்பப் பெயருடன் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஜேம்ஸ் ஃப்ளெட் மட்டும் ஒன்பது பேர். தபால்காரர் பைத்தியமாகாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ராஜா, கட்டைவிரல், அரைச்செவி என்றெல்லாம் வைத்திருந்தார்கள். வாக்காளர் பட்டியலில்கூடப் பட்டப்பெயரோடுதான் அச்சடிப்பார்கள். இப்படி நூறு பேர் ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்ந்த ஊரில், ஒரே ஒரு ஆளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நாக்கு வரவில்லை.

அவர் ஹெக்டர் ராஸ்.

அந்தக் கடற்கரை மீனவர்களுக்கு ராஸ் என்ற பெயர் ஆகாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. படகில் பன்றி என்று சொல்லக்கூடாது, பாதிரியாரைப் பாதிரியார் என்று சொல்லக்கூடாது, 'கறுப்புக் கோட்டுக்காரர்' என்றுதான் சொல்ல வேண்டும். ராஸ் இதையெல்லாம்விட மோசம். அது காதில் விழுந்தால் உடனே துப்பிவிட்டு, கையருகே உள்ள இரும்பைத் தொட வேண்டும். கத்தியோ சாவியோ பூட்ஸின் ஆணியோ ஏதாவது ஒன்று. தொடாவிட்டால் வலை காலியாக வரும்.

ஹெக்டர் கடலோரத்துக்காரர் இல்லை, உள்நாட்டு ஊர்க்காரர். எஞ்சின் வேலையில் கெட்டிக்காரர். 1913-இல் நீராவிப் படகு ஒன்றில் எஞ்சின்காரராகச் சேர்ந்து இந்த ஊருக்கு வந்தார். பெயரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறாம் நாள் படகு கிளம்பும் நேரத்தில் அவருடைய அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. உறையின் மேலே பெயர் இருந்தது. படகுத் தலைவர் நடுக்கடலில் அதைப் படித்துவிட்டு, வலையை வீசாமலே படகைத் திருப்பிக் கொண்டுவந்து அவரைத் துறைமுகப் படிக்கட்டில் இறக்கிவிட்டார். மூட்டையைக் கையில் கொடுக்கவில்லை. கொக்கியால் தள்ளிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். ஹெக்டர் போகவில்லை, காரணம் எல்ஸ்பெட் ஃப்ளெட். படிக்கட்டில் மூட்டையோடு நின்றவரைப் பார்த்து அவள்தான் முதலில் கேட்டாள்.

"அப்படி என்ன பேருய்யா உனக்கு?"

சொன்னார். அவள் துப்பவில்லை. இரும்பைத் தேடவில்லை. "அவ்வளவுதானா? நான் ஏதோ கொலைகாரன் பேருன்னு நினைச்சேன்" என்றாள்.

அவர்களுடைய கல்யாண அறிவிப்பை வழக்கப்படி தேவாலயத்தில் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். பாதிரியார் 'ஹெக்டர் ராஸ்' என்று வாசித்ததும் பெஞ்சுக்குப் பெஞ்சு பேனாக்கத்தியும் சாவிக்கொத்தும் கிணுகிணுக்கும். கையில் இரும்பில்லாத கிழவர்கள் காலைத் தூக்கி பூட்ஸ் ஆணியைத் தொட முயன்று பக்கத்து ஆள்மேல் சாய்வார்கள். கடவுளின் வீட்டில் துப்ப முடியாதே என்று கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டவர்களும் உண்டு. சிரிப்பு வருகிறதா? மூன்று வாரமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெக்டருக்கு வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் இந்தப் பக்கத்து மீனவப் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வார்கள். எல்ஸ்பெட்டும் ஃப்ளெட்டாகவே இருந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் தேவாலயப் பதிவேட்டில் பிடிவாதமாக 'எல்ஸ்பெட் ராஸ்' என்று எழுதச் சொன்னாள். மீன் அறுக்கும் பெண்கள் மூன்று மூன்று பேராகத்தான் வேலைக்குப் போவார்கள். அவளுடைய மூவரில் மற்ற இருவரும் மறுநாளே அவளைக் கழற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு, பெயரைப் பற்றிக் கவலைப்படாத பண்ணை வீடுகளுக்கு ஏழு மைல் நடந்துபோய் மீன் விற்றாள்.

ஹெக்டருக்குத் துறைமுகத்தில் தண்ணீர் பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகின் கொதிகலனுக்கும் அவர்தான் தண்ணீர் நிரப்புவார். அவர் கைத்தண்ணீர் ஆகும், அவர் பெயர் ஆகாது. ஊரில் அவரைப் 'பம்ப்காரர்' என்றார்கள். நடுவில் உலகப்போர் வந்தது. நான்கு வருடம் கண்ணிவெடி பொறுக்கும் கப்பலில் எஞ்சின் ஓட்டிவிட்டு, தலையில் ஒரு முடி உதிராமல் திரும்பி வந்தார். இனிமேலாவது இவர்கள் வாயை மூடுவார்கள் என்று நினைத்தார்.

"நாலு வருஷம் கண்ணிவெடிக்கு நடுவுல இருந்தேன். ஒண்ணாவது வெடிச்சுதா? ராசியில்லாத பேருன்னா எப்படிங்க தப்பிச்சேன்?" என்று துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்த கூட்டத்திடம் கேட்டார்.

அரைச்செவி ஃப்ளெட் புகையிலையை மென்றுகொண்டே சொன்னார்: "அத்தனை வெடியும் உன்னைத் தேடித்தானேப்பா வந்துச்சு. வேற ஆளா இருந்தா ஒண்ணைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்."

இவர்களோடு எப்படித்தான் வாதாடுவது? ஹெக்டர் நோட்டுப் புத்தகம் போட ஆரம்பித்தது அப்போதுதான். பச்சை அட்டை போட்ட தடிமனான நோட்டு. ராஸ் என்ற பெயரோடு உலகத்தில் யாரெல்லாம் பெரிய ஆளாக இருந்தார்களோ அத்தனை பேரையும் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டினார். வட துருவத்துப் பனியில் நான்கு குளிர்காலம் கிடந்து உயிரோடு திரும்பிய கப்பல் தலைவர் ராஸ். அவருடைய அண்ணன் மகன் இன்னொரு ராஸ், தென் துருவத்தில் ஒரு கடலையே கண்டுபிடித்தார், அந்தக் கடலுக்கு அவர் பெயர்தான். இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு மலேரியா கொசுவினால் வருகிறது என்று நிரூபித்து நோபல் பரிசு வாங்கிய டாக்டர் ராஸ். அமெரிக்காவில் செரோக்கி மக்களுக்குத் தலைவராக இருந்த ராஸ். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிறந்து கனடாவின் காடுகளில் தோல் வியாபாரம் செய்த ராஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்.

நோட்டைச் சுவருக்கு எடுத்துக்கொண்டு போவார்.

"இந்த ராஸ் ஒரு கடலையே கண்டுபிடிச்சிருக்கார்!"

சுவர் முழுக்கத் துப்பும் சத்தம். எல்லோர் கையும் படகு கட்டும் இரும்பு வளையத்தில்.

"அந்தக் கடல்ல யாராவது வலை போட்டிருக்காங்களா?" என்பார் கட்டைவிரல்.

"அங்கே எப்படிப் போடுறது? முழுக்க ஐஸு."

"அதான் பாத்தியா. கிடைச்ச கடல்கூட வலை போட முடியாத கடல்!"

"சரி, இவரைப் பாருங்க. நாலு வருஷம் பனியில கிடந்து ஆளுங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தார்."

"வேற பேரா இருந்திருந்தா நாலு மாசத்துல வந்திருப்பாருப்பா."

டாக்டரைப் பற்றிச் சொன்னபோது, கொசுவைத் தேடிப்போன மனுஷனிடம் மீனைப் பற்றி என்ன கேட்பது என்றார்கள். ஹெக்டர் நோட்டை மூடிக்கொண்டு, காது வரை சிவந்துபோய் பம்ப்புக்குத் திரும்புவார். அன்றைக்கு எல்ஸ்பெட்டிடம் கத்துவார். அவள் என்ன செய்தாள் பாவம்? அவளும் சளைக்காமல் கத்துவாள். "அந்தக் கழுதைங்ககிட்டப் போய் ஏன் படிச்சுக் காட்டுறே? எனக்குப் படிச்சுக் காட்டு, நான் கேக்குறேன்" என்பாள். அவரும் படித்துக் காட்டுவார். ஐந்து ராஸ்களும் அவளுக்கு மனப்பாடம்.

நோட்டின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதை அவர் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். இலையுதிர்காலத்தில் எல்லாப் படகுகளும் தெற்கே யார்மத் துறைமுகத்துக்கு ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போகும். நவம்பரில், அதிகம் பிடித்த படகின் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து, பெயர்களோடு வாரப் பத்திரிகையில் போடுவார்கள். அந்தப் பட்டியலில் 'எஞ்சின்: ஹெக்டர் ராஸ்' என்று ஒரு வரி. அவருக்கு அது போதும். அதை வெட்டி ஒட்டிவிட்டு, சுவரில் இருப்பவர்களிடம் போய் நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடிக்க வேண்டும். இதையும் எல்ஸ்பெட் அறிவாள்.

பதினோரு வருடம் ஒரு படகும் அவரை ஏற்றவில்லை.

1924 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமைக் காலை. ஊரின் மற்றப் படகுகள் எல்லாம் யார்மத்துக்குக் கிளம்பிவிட்டன. 'எபெனேசர்' மட்டும் நின்றது. அதன் எஞ்சின்காரர் ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். எட்டு மணிக்கு ஹெக்டர் வீட்டுக் கதவை 'எபெனேசர்' படகின் தலைவர் ராஜா ஃப்ளெட் தட்டினார். எல்ஸ்பெட்டுக்கு அவர் பெரியப்பா முறை.

கதவைத் திறந்தவள் வழிவிடாமல் நின்றாள். "வாங்க பெரியப்பா. யாரைப் பாக்கணும்?"

"உன் வீட்டுக்காரரைத்தான்மா."

"அவருக்குப் பேரு இருக்கே."

"ஏம்மா காலங்காத்தால. கடல் தண்ணி வடியுது, அப்புறம் படகு கிளம்பாது. கூப்பிடும்மா அவரை."

உள்ளே கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹெக்டருக்கு எல்லாம் கேட்டது. பதினோரு வருடமாக எதற்காகக் காத்திருந்தாரோ அது வாசலில் வந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறது. எழுந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது, கிண்ணத்தை எடுத்து அந்த மனுஷன் மேல் வீச வேண்டும் போலவும் இருந்தது. நிதானமாகக் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

"எஞ்சினுக்கு ஆள் வேணும். வர்றியா மாப்ளே?"

"வர்றேன். ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. இதோ, மூட்டையைக் கட்டிட்டு வந்துடறேன்."

ராஜா வாயைத் திறந்தார். மூடினார். பெரிய உடம்புக்காரர், புயலில் இரண்டு தடவை படகைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கை தானாக வாசல் தாழ்ப்பாளுக்குப் போனது.

"முடியலப்பா. என் படகு அது. ஒன்பது குடும்பம் அதை நம்பி இருக்கு. ஒண்ணு பண்ணலாம். ஹெக்டர் ஃப்ளெட்டுன்னு வெச்சுக்கலாம். பொண்டாட்டி பேருதானே? என்ன கெட்டுப்போச்சு?"

"அப்படின்னா எஞ்சினை உங்க வாயாலயே ஊதி ஓட்டிக்கோங்க" என்று ஹெக்டர் கதவைச் சாத்தப்போனார்.

எல்ஸ்பெட்தான் காலை நுழைத்துக் கதவைத் தடுத்தாள். "பெரியப்பா, படகுல நீங்க யாரும் இவர் பேரைச் சொல்ல வேண்டாம். இவரும் சொல்ல மாட்டார். ஆனா ஃப்ளெட்டுன்னும் யாரும் கூப்பிடக்கூடாது. நவம்பர்ல பத்திரிகைக்காரன் வந்து கேட்டா, இவர் தன் பேரைத் தன் வாயால சொல்லுவார். நீங்க தடுக்கக்கூடாது. சம்மதமா?"

ராஜா வடிந்துகொண்டிருந்த கடல் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "சம்மதம்" என்றார்.

மூட்டையைக் கட்டிக் கொடுக்கும்போது எல்ஸ்பெட் சொன்னாள்: "கடைசிப் பக்கத்துக்குப் பசை காய்ச்சி வெச்சிருக்கேன், ஹெக்டர் ராஸ். போயிட்டு வா."

படகில் அவரைக் 'கீழே இருக்கிறவர்' என்றார்கள். கீழே இருக்கிறவருக்கு டீ கொடு, கீழே இருக்கிறவரை மெதுவாக ஓட்டச் சொல். அதைப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வலை. முதல் இரண்டு வாரம் கடல் கையை விரித்துவிட்டது. இரவெல்லாம் வலையை விட்டுக் காலையில் இழுத்தால், பூனைக்குப் போடக் காணாத மீன். பக்கத்துப் படகுகள் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு போயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெயரை எடுப்பதில்லை என்று ராஜா வாக்குக் கொடுத்திருந்தாரே. ஆனால் வலை காலியாக வரும் ஒவ்வொரு தடவையும் ஒன்பது தலைகள் எஞ்சின் அறையின் திறப்புப் பக்கம் திரும்பும். கீழே நின்று அந்த ஒன்பது முகங்களையும் அண்ணாந்து பார்ப்பார். நேராக வாயால் திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இப்படிப் பார்ப்பவர்களை என்ன செய்வது?

மூன்றாம் வாரத்திலிருந்து, தன்னையறியாமல், ஹெக்டரும் விசில் அடிப்பதை நிறுத்தினார். படகில் விசில் அடித்தால் காற்று வரும் என்பார்கள். சமையற்காரர் பன்றிக்கறியைத் தட்டில் போட்டபோது அதற்குப் பெயர் சொல்லாமல் 'அதுல இன்னொரு துண்டு' என்று கேட்டார். கேட்டுவிட்டு, தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு, அந்தத் துண்டைச் சாப்பிடாமல் வைத்துவிட்டார்.

நவம்பர் பௌர்ணமியில் கடல் திறந்தது. வலை வெள்ளியாக வந்தது. இழுத்து இழுத்துக் கைகள் வீங்கின. ஹெக்டர் தூங்காமல் எஞ்சினைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். மற்றப் படகுகள் துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள் 'எபெனேசர்' மீனை இறக்கிவிட்டுத் திரும்பவும் கடலில் இருக்கும். அது அவருடைய வேலை, அது எல்லோருக்கும் தெரியும். எட்டு நாளில் அவர்கள் கடைசியிலிருந்து முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். சமையற்காரர் டீயோடு கேக் துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். ராஜா திறப்பு வழியாகக் குனிந்து, "கீழே இருக்கிறவரே, நீ ராட்சசன்யா!" என்றார். ஹெக்டர் எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

கடைசி வாரம், வியாழக்கிழமை. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே சில கூடை மீன்தான் வித்தியாசம். இன்னும் இரண்டு தடவை வலை போட வேண்டும். மீனை இறக்கிக்கொண்டிருந்தபோது, முன்னணியில் இருக்கும் படகுகளை முன்கூட்டியே படம் எடுத்துவைக்கப் பத்திரிகைக்காரர் வந்துவிட்டார். கூடவே படம் எடுப்பவர். எல்லோரையும் தளத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். ஹெக்டர் கீழேயிருந்து ஏறிவந்து, கயிறு இழுக்கும் நீராவி உருளைக்குப் பக்கத்தில் நின்றார்.

பத்திரிகைக்காரர் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். ஜேம்ஸ் ஃப்ளெட் 'ராஜா'. வில்லியம் ஃப்ளெட். இன்னொரு வில்லியம் ஃப்ளெட். கடைசியாக அவரிடம் வந்தார்.

"எஞ்சினா? உங்க பேரு, சார்?"

தளத்தில் ஒருவரும் அசையவில்லை. ராஜா வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது பேரின் கையும் எதையாவது தேடிக்கொண்டிருந்ததை ஹெக்டர் பார்த்தார். சொல்லலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லிப் பார்த்த பெயர்! நாக்கு நுனியில் இருந்தது.

ராத்திரி வலை போட வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. ஒருவேளை, என்றது மனம். ஒருவேளை.

"ஃப்ளெட்" என்றார். "ஹெக்டர் ஃப்ளெட்."

சொன்ன பிறகுதான் உள்ளங்கை எரிந்தது. பார்த்தால், கை நீராவி உருளையின் இரும்பை இறுகப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாரோ தெரியாது. கொதிக்கிற இரும்பு, தோல் ஒட்டிக்கொண்டுவிட்டது. சுற்றிலும் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ராஜா வந்து தோளில் தட்டி, "எங்க ஆளுய்யா நீ" என்றார்.

'எபெனேசர்' முதலிடத்தில் வந்தது.

மாத முடிவில் ஊர் திரும்பினார்கள். யார்மத்தில் வாங்கிய பூப்போட்ட டீக் கோப்பைகளை வைக்கோலில் சுற்றி, வலது கையில் கட்டோடு, ஹெக்டர் மேட்டுத் தெருவில் ஏறி நடந்தார். துறைமுகச் சுவரிலிருந்து அரைச்செவி கையை ஆட்டினார். "வாய்யா ஹெக்டர் ஃப்ளெட்! பேரை மாத்தின உடனே பாத்தியா மீனை? இதை முன்னாடியே செய்யக்கூடாதா?" கூட்டம் அன்பாகத்தான் சிரித்தது. அந்தச் சுவரில் அவருக்கு ஒரு ஆள் உட்காரும் அளவு இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. எஞ்சினாலே வந்த மீன்டா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யார்மேல் கத்துவது? பெயரைச் சொன்னது அவர் வாய்தானே.

வீட்டில் எல்ஸ்பெட் அடுப்பருகே நின்றிருந்தாள். மேஜைமேல் பச்சை நோட்டு விரித்துக் கிடந்தது. கடைசிப் பக்கம். காலியாக இல்லை. பத்திரிகைப் படத்தை ஓரம் பிசகாமல் வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தாள்.

"பசை காய்ச்சி வெச்சிருந்தேன்ல. வீணாப் போகக்கூடாதுன்னு ஒட்டிட்டேன்" என்றாள். கிட்ட வந்து, ஒரு பெயரின் அடியில் விரலை வைத்தாள். "அஞ்சு ராஸையும் எனக்குத் தெரியும். இந்த ஹெக்டர் ஃப்ளெட் யாரு?"

"எல்ஸ்பெட், அன்னைக்கு ராத்திரி வலை போட வேண்டியிருந்துச்சு..."

"யாராவது தடுத்தாங்களா?"

"இல்லை."

"பெரியப்பா ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

அவள் கூடைவார் பதிந்து பதிந்து தழும்பேறிய தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"உனக்கு அது பொறக்கும்போதே வந்த பேரு. சும்மா கிடைச்சுது, சும்மா கொடுத்துட்டே. நான் கேட்டு வாங்கினேன். தினம் ஏழு மைல் நடந்தேன் அதுக்காக. இப்ப இந்த ஊர்ல ராஸுன்னு நான் ஒருத்திதான் இருக்கேன், தெரியுமா?"

ஹெக்டர் கோப்பைகளை மேஜைமேல் வைத்தார். வைக்கோலைக்கூட அவள் பிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் கூடையை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தினமும் போகும்போது 'வர்றேன், ஹெக்டர் ராஸ்' என்று தெருவே கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு அவர் கதவருகிலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"கஞ்சி அடுப்புல இருக்கு" என்றாள். கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தாள்.